சுவருக்கு அந்தப் பக்கம் நாலு கம்பி

"கேட் சிக்ஸ் கேபிள் எல்லாம் வேணாம். கேட் எய்ட்னு ஒண்ணு வந்திருக்காமே, அதையே இழுத்துரு."

"இழுக்கலாம் இக்கா. கோழியக் கட்ட யானைச் சங்கிலி வாங்கின மாதிரி இருக்கும். பரவாயில்லையா?"

மேசைக்கு அடியிலிருந்து பிஜேஷின் குரல் மட்டும் வந்தது. வேங்கரையில் பாதி வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுத்தவன் அவன். கோழிக்கடை வைத்திருக்கும் முனீருக்கு அந்த உவமை ரசிக்கவில்லை. அவன் மனைவி ஜசீலாவுக்கு நன்றாகவே ரசித்தது. முகத்தைக் கணினித் திரை பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திரையில் யாரோ ஒரு மணப்பெண் மருதாணிக் கையைத் தூக்கியபடி அசையாமல் நின்றாள். ஜசீலாவின் வேலையே அதுதான். கொச்சியில் ஒரு ஸ்டூடியோ எடுக்கும் கல்யாண வீடியோக்கள் இந்த மாடி அறைக்கு வந்து இறங்கும். அவள் வெட்டி ஒட்டி, நிறம் சேர்த்து, பாட்டு வைத்துத் திருப்பி அனுப்புவாள். பார்க்காத ஊர்களின் பந்தல்களும் அறியாத வீடுகளின் அழுகைகளும் அவளுக்கு அத்துப்படி. இருட்டுத் திரை போட்ட இந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களின் சந்தோஷத்தை ஒழுங்குபடுத்துவதில் அவளுக்கு ஒரு தனிச் சுகம் இருந்தது.

இப்போது அதற்குத்தான் ஆபத்து. ஒரு கல்யாணம் முழுசாக வந்து இறங்க ஏழு மணி நேரம் ஆகிறது. வரும் சனிக்கிழமை முதல், நிக்காஹ் முடிந்த அன்று சாயங்காலமே சின்ன வீடியோ கைக்கு வர வேண்டும், முடியாதென்றால் கொச்சிக்கே வந்து உட்கார வேண்டும் என்று ஸ்டூடியோ சொல்லிவிட்டது.

முனீர் சும்மா இருக்கவில்லை. முன்னூறு எம்பி வேகத்துக்குப் பணம் கட்டினான். கோழிக்கோடு போய், சுவரிலிருந்து கணினிக்கு மாட்ட, வெள்ளி நூல் பின்னிய கேபிள் வாங்கி வந்தான். பாம்புச் சட்டை போலப் பளபளத்தது. வேகம் மட்டும் ஏறவே இல்லை.

"கீழ மோடம் பெட்டி பக்கத்துல முன்னூத்தி அஞ்சு காட்டுது. இங்க தொண்ணூத்தி நாலு" என்றான் பிஜேஷ். "நேத்து எவ்வளவு இத்தா?"

"தொண்ணூத்தி நாலு."

"முந்தாநாள்?"

"அதேதான். என் வயசு மாதிரி நின்னுட்டுது."

"உன் வயசு மாதிரியா? அப்ப ரொம்ப வருஷமா நிக்குது" என்றான் முனீர்.

பிஜேஷ் சிரிக்கவில்லை. "கேபிள் மட்டமா இருந்தா ஏறும், இறங்கும். இது யாரோ கதவைப் பாதி சாத்திவெச்ச மாதிரி ஒரே இடத்துல நிக்குது" என்றபடி சுவர் சாக்கெட்டைக் கழற்றினான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எட்டிப் பார்த்தான். பிறகு டார்ச்சை எடுத்துவிட்டுக் கேட்டான்:

"இக்கா, இதுக்குள்ள எட்டுக் கம்பி இருக்கணும். ஆரஞ்சும் பச்சையுமா நாலுதான் இருக்கு. நீலமும் பிரவுனும் எங்க போச்சு?"

முனீர் கழுத்தைச் சொறிந்தான்.

"அது... வல்யாக்காவோட பங்கு."

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. வல்யாக்கா என்று வீடே கூப்பிடும் அண்ணன் சைதலவியும் முனீரும் ஷார்ஜாவில் இருந்தபோது சேர்ந்து கட்டிய வீடு இது. ஓடு, விசிறி, கதவுப் பிடி எல்லாம் ஆளுக்குச் சரிபாதி. கேபிளை மட்டும் சைதலவி அங்கிருந்தே வாங்கினார். அட்டைப் பெட்டியில் கயிறு கட்டி, கறுப்பு மையில் பேரும் ஊரும் எழுதி, போர்வைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். கீழிருந்து மேலே ஒரே ஒரு தடவை இழுக்கத்தான் அது போதுமாயிருந்தது. மாடியில் அறைகளோ இரண்டு. சுவரில் ஒரு துளை போட்டு, எட்டுக் கம்பியை நாலு நாலாகப் பிரித்தார்கள்.

"அப்ப எலக்ட்ரீஷியன் ஒண்ணும் சொல்லலியா?"

"நாலே போதும்னான். அப்ப போதுமாத்தான் இருந்துச்சு."

ஜசீலா வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லவேளை, எனக்கு நீங்க முழுசாக் கிடைச்சீங்க."

"சிரிக்காதடி. கேபிள் எப்படி, அதச் சொல்லு பிஜேஷே."

"கேபிள் தங்கம் இக்கா. கேட் ஃபைவ் ஈ. நாலு கம்பியில நூறத் தாண்டாது, எட்டும் சேர்ந்தா முன்னூறு என்ன, ஆயிரமே போகும். புதுசு இழுக்க இந்தக் குழாயில இடமில்ல. வெளிச் சுவர் வழியா இழுத்தா, துலா மாச மழையில இடி நேரா இத்தாவோட மெஷின்ல வந்து இறங்கும். அந்த நாலையும் இந்தப் பக்கம் இழுத்துச் சேர்த்து, கீழயும் அதே மாதிரி மாட்டிட்டா பத்து நிமிஷ வேலை."

"இழு, இழு. வருஷத்துக்கு ஒரு மாசம் வர்றவரு. வந்தாலும் போன்லதான் பார்ப்பாரு. அவருக்குத் தெரியவா போகுது?"

பிஜேஷ் குறட்டைக் கையில் எடுத்தான்.

"வேணாம் பிஜேஷ், இரு" என்றாள் ஜசீலா.

பக்கத்து அறையைத் திறந்து துடைப்பவள் அவள்தான். விரிப்பு கலையாத கட்டில், பழைய ஷார்ஜா காலண்டர், கட்டிலோரம் ஒருமுறைகூட எதுவும் மாட்டாத சாக்கெட். போன தடவை ஊருக்கு வந்த சைதலவி அதைத் தொட்டுக் காட்டி, "எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நிரந்தரமா உக்காரும்போது இதுல ஒரு பெரிய டிவி மாட்டணும்" என்று சொல்லியிருந்தார். பதினைந்து வருடமாக அதையேதான் சொல்கிறார். அந்த நாலு கம்பி அவர் ஊரில் பிடித்துவைத்திருக்கும் இடம் என்று ஜசீலாவுக்குத் தோன்றியது. கேட்காமல் இழுத்தால் வேகம் வரும், அந்த அறையைத் துடைக்கப் போகும்போது கை கூசும்.

"கேட்டுட்டு எடுக்கலாம்."

"கம்பியப் போயி யாராவது கேப்பாங்களா?"

"பங்கு வெக்கத் தெரிஞ்சுதில்ல? கேக்கவும் தெரியணும்."

பிஜேஷ் குறட்டைக் கீழே வைத்துவிட்டு, ஆறிக்கொண்டிருந்த சுலைமானி டீயை எடுத்துக்கொண்டான். ஷார்ஜாவில் இப்போது மதியச் சாப்பாட்டு நேரம். ஜசீலா போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவைத் தொட்டு, வாயருகே பிடித்தாள்.

"வல்யாக்கா, ஜசீலா பேசறேன். இங்க எல்லாரும் சுகம். நீங்க கொண்டுவந்த கேபிள் தங்கம்னு பிஜேஷ் சொல்றான். அதுல உங்க பக்கம் போற நாலு கம்பி இருக்குல்ல, நீலமும் பிரவுனும்? நீங்க ஊருக்கே வந்து உக்காரும்போது நானே முன்ன நின்னு புதுசா இழுத்துத் தர்றேன். அதுவரைக்கும் அந்த நாலையும் எனக்குத் தருவீங்களா?"