மஞ்சள் நூல்

ராமக்காள் கண்ணாடி போட்டுக்கொண்டு களை வெட்ட வந்த அன்றுதான் யுவராணிக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அதற்கு முன்பு கூசவே இல்லையா என்றால், கூசியதுதான். ஆனாலும் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. மனுஷ மனசுக்குத் தோல் கெட்டி.

கடத்தூருக்குப் பக்கத்தில் சென்றாயனுடைய காட்டில் விதைப் பருத்தி போட்டிருந்தார்கள். பருத்திப் பூவுக்குள் ஆணும் பெண்ணும் சேர்ந்தே குடியிருக்கின்றன. விட்டால் தன் காரியத்தைத் தானே முடித்துக்கொள்ளும். விதைக் கம்பெனிக்கு அது ஆகாது. தாய்ச் செடியின் பூவில் வேறொரு செடியின் மகரந்தம் சேர்ந்தால்தான் அவர்களுக்கு வேண்டிய விதை. அதனால் நாளைக்கு விரியப்போகும் மொக்கை இன்றைக்குச் சாயங்காலமே தேடிப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் இதழோடு மகரந்தப் பைகளையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் ஆண் வரிசையிலிருந்து பூப் பறித்து வந்து, மொட்டையாக நிற்கும் தண்டின் தலையில் தடவிக் காம்பில் நூல் கட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு நிறம். காயைப் பறிக்கும்போதும் நிறம் பார்த்துத் தனித்தனி மூட்டை. யுவராணிக்குச் சிவப்பு, ராமக்காளுக்கு மஞ்சள்.

சாயங்காலம் கிள்ளாமல் விட்ட மொக்கு காலையில் விரிந்துவிட்டால், அதில் மகரந்தம் தடவவே கூடாது. பறித்து வீசிவிட வேண்டும். அதற்குள் அது தன் தூளைத் தானே பூசிக்கொண்டிருக்கும். தேனீயும் வந்து போயிருக்கும். காட்டில் வேலை செய்யும் அத்தனை பெண்களுக்கும் இது மனப்பாடம். யுவராணிக்கும்தான்.

போன வருஷம் பூ உச்சத்தில் இருந்த வாரம் அவளுடைய நாத்தனார் மகள் கவிப்பிரியாவுக்குக் கல்யாணம். யுவராணி தன் ஜாக்கெட்டை ஆரி வேலைக்குக் கொடுத்திருந்தாள். டெய்லர் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்தார். ஐந்து நாள் தொடர்ந்து நாலு மணிக்கே பஸ் ஏறிவிட்டாள். விட்டுப்போன மொக்கெல்லாம் காலையில் பல்லைக் காட்டிக்கொண்டு விரிந்து நின்றன. வீசினால் சென்றாயன் கேட்பார். ஒவ்வொரு பூவாக இதழைப் பிய்த்தாள், ஆண் பூவைத் தடவினாள், நூலைக் கட்டினாள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுகூட அவ்வளவு சுலபமில்லை.

முதல் நாளே அவளுடைய சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. பக்கத்துச் சாலில் இருந்த ராமக்காள் மடியிலிருந்து ஒரு மஞ்சள் நூல்கண்டை எடுத்து நீட்டினாள்.

"இந்தா, என்னுதக் கட்டு. யாருதா இருந்தா என்னா, பூவுக்குத் தெரியவா போவுது?"

ஐந்து நாளும் அந்த மஞ்சள் நூல்தான்.

இந்த வருஷம் முதல் மொக்கு கண்டதும் சென்றாயன் நூல் கொடுக்க எல்லோரையும் கூப்பிட்டார். ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள்.

"மஞ்ச மூட்டய கம்பெனிக்காரன் வெதச்சிப் பாத்தானாம். கால்வாசிச் செடி தாய்ச் செடியாவே நிக்குதாம். மூட்டயவே தள்ளிட்டான். ராமக்கா, பதினோரு வருசமா உன் கைய நம்பியிருந்தன். இந்த வருசம் நீ களைக்குப் போயிரு."

ராமக்காள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். யுவராணி வாயைத் திறந்தாள், கொட்டாவி விடுகிறவளைப்போல மூடிக்கொண்டாள். சிவப்பு நூலை வாங்கி மடியில் வைத்தாள். நூல் கொடுத்ததே அக்காவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தபோது மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் அவளுக்கு இப்போதும் அவமானமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்துத்தான் அந்தக் கண்ணாடி வந்தது. தர்மபுரிக்குப் போய்ச் சோதித்து வாங்கினாளாம். தடித்த கறுப்புச் சட்டம். வேர்வையில் மூக்கைவிட்டு வழுக்கி வழுக்கி இறங்கியது.

மத்தியானம் புங்க மரத்தடியில் சாப்பிட்டு முடித்ததும் ராமக்காள் ஒரு மொக்கோடு யுவராணியிடம் வந்தாள். அவள் கண்ணெதிரிலேயே நகத்தால் கிள்ளிச் சுழற்றி எடுத்தாள்.

"பாரு யுவராணி. தூளு ஏதாச்சும் ஒட்டியிருக்குதா? போன வருசம் என் கண்ணுக்குத் தெரியாமத்தான் விட்டிருக்கறன். நல்லாக் கிள்ளுனன்னு நீ சொன்னீன்னா, அண்ணங்கிட்ட போயி இன்னொருவாட்டி கேட்டுப் பாப்பன்."

யுவராணி வாங்கிப் பார்த்தாள். கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. ஒரு தூசு இல்லை.

"அக்கா, உன் கண்ணுல ஒண்ணும் இல்லக்கா. நான்தான்..."

பஸ், ஜாக்கெட், விரிந்த பூ, ஐந்து நாள் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். சொல்லச் சொல்ல, இவ்வளவு சின்ன விஷயத்துக்காகவா என்று அவளுக்கே நாக்கு கூசியது.

ராமக்காள் அந்த மொக்கை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"நூலு உனக்குக் குடுத்தது எனக்கு ஞாபகம் இல்லன்னு நெனச்சியா?"

யுவராணி தலையைக் குனிந்தாள்.

"இருந்துச்சு. நீ அப்படிப் பண்ணுவேன்னுதான் தோணல. என் கண்ணுதான் கெட்டுப்போச்சின்னு நெனச்சிட்டன்."

திட்டியிருந்தால் தேவலை. செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள்.

"என்ன மன்னிச்சிருக்கா."

"எங்கிட்ட என்னாத்துக்குச் சொல்ற? அத்தன பேரு முன்னாலதான என்னக் களைக்கு அனுப்புனாங்க?"

சாயங்காலம் மொக்குக் கிள்ள எல்லோரும் சாலில் இறங்கும் நேரம். யுவராணி போய்ச் சென்றாயன் முன்னால் நின்றாள்.

"அண்ணா, கெட்டுப்போன காயில இருந்த மஞ்ச நூலு ராமக்கா கட்டினது இல்லீங்க. நான் கட்டினதுங்க. விரிஞ்ச பூவுல கட்டினனுங்க."

குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. எவளோ, "அடிப்பாவி!" என்றாள். சென்றாயன் கத்தவில்லை. அவள் மடியிலிருந்த சிவப்பு நூலைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். களைக்கொத்து கிடந்த பக்கம் கையைக் காட்டினார். பிறகு காட்டோரத்து வீட்டுக்குள் போய் மஞ்சள் நூல்கண்டை எடுத்து வந்து ராமக்காளிடம் கொடுத்தார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ராமக்காள் நூலை மடியில் செருகினாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். யுவராணியின் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, அதில் வைத்தாள்.

"நீயே வெச்சிக்க. இதப் போட்ட நாளு மொதலு தலவலி. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது."

சொல்லிவிட்டுச் சாலில் இறங்கி முதல் மொக்கைக் கிள்ளினாள். யுவராணி ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் களைக்கொத்துமாக, எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தாள்.