தண்ணீர் ஊற்றுகிறவர்

முதல் வாளியை ஃபிக்ரி சளாரென்று கவிழ்த்துவிட்டார். கோடைப் பிற்பகலில் வாசல் புழுதி அடங்க ஊற்றுவோமே, அந்த ஊற்று. எகிப்தின் கீஸாவில் எந்தத் தெருக்காரர் கையில் வாளியைக் கொடுத்தாலும் அப்படித்தான் ஊற்றுவார். மணல் சேறாகிவிட்டது. இரண்டரை டன் கல்லைச் சுமந்த மரச்சறுக்கு அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டு அசைய மறுத்தது. முன்னால் கயிறு பிடித்திருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன ஹாஜி, துணியா துவைக்கிறீங்க?" என்று கயிற்றைப் பிடித்திருந்த ரகப் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ஃபிக்ரியும் சிரித்தார். சிரித்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஏழு மாதத்துக்கு முன்புதான் அவருடைய மனைவி இஹ்ஸான் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அத்தனை வருஷமும் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டம் பேசிக்கொண்டே வந்தது. இப்போது வீட்டில் இரண்டு அறையிலும் ரேடியோவைப் போட்டு வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பிரமிடு கட்டிய விதத்தைச் சோதிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று டீக்கடையில் கேள்விப்பட்டதும் ஓடி வந்தார். கயிறு இழுக்க வயது விடவில்லை. வாளிதான் கிடைத்தது.

அந்தக் காலத்தில் மணலை நனைத்துத்தான் கல்லை இழுத்தார்கள் என்பது சோதனையை நடத்தும் பொறியாளர் நிஹாலின் கட்சி. "எவ்வளவு தண்ணின்னுதான் எனக்கும் தெரியணும் ஹாஜி. கூட்டிக் குறைச்சுப் பாருங்க. கல்லு அந்தக் குச்சியைத் தொட்டுட்டா வேலை முடிஞ்சுது. அதுவரைக்கும் தினமும் வாங்க" என்றாள். நாற்பது அடி தள்ளி ஒரு குச்சி நட்டிருந்தது.

மதியம் ஒரே பெரிய தட்டில் அவரைப் பருப்பு மசியல், சுற்றிலும் ரொட்டி, ஊறுகாய், வெங்காயம். வட்டமாக உட்கார்ந்து இருபத்தொரு கை விழுந்தது. "வேற கிரகத்துக்காரன் வந்து கட்டினான்னு ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான்" என்றான் ரகப். "சரி, அவனுக்கு மத்தியானம் யாரு சோறு போட்டாங்களாம்? ஹாஜி, தள்ளி உட்காராதீங்க, ரொட்டி எட்டாது." அவரது தோளைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நெருக்கிக்கொண்டான். ஃபிக்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டார்.

சாப்பிட்டு எழுந்ததும் அவருக்கு அளவு பிடிபட்டுவிட்டது. மணலைப் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். சறுக்கு இரண்டு அடி வழுக்கிக்கொண்டு வந்தது. இழுத்தவர்கள் தடுமாறிப் போனார்கள். அந்த நொடியில் அவர் குச்சியைப் பார்த்தார். இந்த அளவில் போனால் சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நாளைக்குத் தட்டு கிடையாது, கத்தல் கிடையாது, ஒன்றும் கிடையாது. அடப்பாவி மனுஷா என்று தன்னையே திட்டிக்கொண்டு இன்னும் அரை வாளி ஊற்றினார். சறுக்கு சேற்றில் நின்றது.

மறுநாளும் அதே கதைதான். ஒரு தடவை அதிகம், ஒரு தடவை குறைவு. நிஹால் நோட்டில் எழுதி எழுதி அடித்தாள். ஆட்கள் ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் "ஹேலா ஹேலா" என்று இழுத்தார்கள். ஃபிக்ரிக்குத் தெரிந்ததெல்லாம் இருபது முதுகுகள்தான். ஆனாலும் மதியம் ஆனால் அந்த முதுகுகள் முகங்களாகிவிடும். அது போதும் என்றிருந்தது அவருக்கு.

மூன்றாம் நாள் காலை, சறுக்கு சேற்றில் சிக்கித் திடீரென்று நின்றபோது கயிறு வெடுக்கென்று பின்னால் ஓடியது. ரகப்பின் உள்ளங்கைத் தோல் அதோடு போயிற்று. அவன் கத்தவில்லை. தலைத்துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடி கயிற்றைப் பிடித்தான். துணி சிவந்தது.

ஃபிக்ரி வாளியைக் கீழே வைத்தார். குனிந்து சேறான மணலையெல்லாம் கையால் வழித்து ஒதுக்கி, காய்ந்த மணலைப் பரப்பி, வலது கையால் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்தார். பிடித்துப் பார்த்தார். கொழுக்கட்டை நின்றது. "இப்ப இழுங்கப்பா" என்றார்.

கல் வந்தது. அப்படி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பாட்டு ஓட்டமாகிவிட்டது, அவர் தெளித்துக்கொண்டே கூட ஓடினார். மதியத் தொழுகைக்கு முன்பே சறுக்கு குச்சியைச் சாய்த்துவிட்டது. நிஹால் குதித்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சாப்பாடு வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் வேனில் ஏறத் தொடங்கினார்கள். ஃபிக்ரி உள்ளூர்க்காரர், நடந்தே போய்விடுவார்.

ரகப் மட்டும் அவரிடம் வந்தான். கையை ஊதிக்கொண்டே கேட்டான்.

"முதல் நாளே உங்களுக்கு அளவு தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

ஃபிக்ரி தலை குனிந்துகொண்டார்.

"வீட்ல யாரும் இல்லியா ஹாஜி?"

வேன் ஹாரன் அடித்தது. ரகப் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். வண்டி சாலையில் திரும்பும்போது கடைசி ஜன்னலிலிருந்து துணி சுற்றிய கை ஒன்று வெளியே வந்தது. காயத்துக்குக் காற்றுப் படட்டும் என்று நீட்டினானா, அவரைப் பார்த்து அசைத்தானா, தெரியவில்லை. ஃபிக்ரி பதிலுக்குக் கையை உயர்த்தி, தூசி அடங்கின பிறகும் இறக்காமல் நின்றிருந்தார்.