ஒரு பாஸ், இரண்டு எஞ்சின்

கிண்ணியாத் துறையடி இராணுவக் காவலரணில் றம்ஸியாவின் பையைச் சிப்பாய் கவிழ்த்துக் கொட்டினான். விடிந்தும் விடியாத மாரிப் பனிமூட்டம். கூட வந்த சனமெல்லாம் சோதனை முடிந்து போய்விட, இவள் ஒருத்தி மிஞ்சினாள். கொழும்பில் பொறியியல் படிக்கிற பிள்ளை, லீவுக்கு வீட்டுக்கு வரும்போது உம்மாவுக்கு ஒரு சீலையோடு வந்திருக்கலாம். ஆராய்ச்சிக்கு வரைந்த கருவிப் படத்தையும் அல்லவா தூக்கிக்கொண்டு வந்தாள்!

பயம் அது ஒன்றுக்கு மட்டுமில்லை. வாப்பா ஆதம்பாவா கடலிலிருந்து திரும்புகிற நேரம் இது. அவருடைய தம்பி, முத்தலிப் சாச்சாவின் மீன்பிடிப் பாஸ், கடலுக்குப் போக இராணுவம் கொடுக்கிற அனுமதிச் சீட்டு, போன மாதம் பறிபோய்விட்டது. வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடக்க ஏலுமா? அண்ணனும் தம்பியும் ஒரே பாஸில் இரண்டு வள்ளங்களைக் கொண்டுபோகிறார்கள். மூட்டத்துக்குள் ஒட்டிக்கொண்டே வந்து, துறைக்கு முன்னால் சாச்சா கண்டல் காட்டுக்குள் ஒதுங்கிவிடுவார். காவலரணுக்கு ஒரு வள்ளத்தின் இரைச்சல் போலத்தான் கேட்கும். பிடிபட்டால் வள்ளம் மட்டுமல்ல, ஆட்களும் போய்விடுவார்கள்.

அதிகாரி ஓரளவு தமிழ் தெரிந்தவர். படத்தில் விரலை வைத்தார். "இது என்ன? அன்டெனா?"

"ஓம் சேர். புது மாதிரி போனுக்கு. ரெண்டு லேசர் வெளிச்சத்தை ஒரு கண்ணாடி நாருக்குள்ள அனுப்பினா, மற்றப் பக்கம் ரேடியோ அலை வரும்."

"வெளிச்சம் எப்படி ரேடியோ ஆகும்? பொய் சொல்ல வேண்டாம்." அவர் தொலைபேசியை எடுத்தார்.

சமன்பாட்டைச் சொல்லி இந்த மனிசனிடம் அவள் தப்ப முடியாது. சின்ன வயதிலிருந்து கடற்கரையில் கேட்டது வாயில் வந்துவிட்டது.

"ரெண்டு எஞ்சின் பக்கத்தில பக்கத்தில ஓடினா சத்தம் ஏறி இறங்கும், கேட்டிருக்கிறீங்களா சேர்? ஊம்... ஊம்... எண்டு. தனி எஞ்சின்ல அது வராது. ரெண்டு வேகத்துக்கும் உள்ள சின்ன வித்தியாசம்தான் அந்தத் துடிப்பு. வெளிச்சமும் அப்படித்தான். நிறம் துளி வித்தியாசமான ரெண்டு வெளிச்சம் ஒரு டிடெக்டர்ல சேர்ந்து விழுந்தா, அந்த வித்தியாசம் செக்கனுக்கு ஆறாயிரம் கோடி தரம் துடிக்கும். அதைத்தான் அன்டெனா வெளியில விடுது."

அதிகாரி சிரித்துவிட்டார். தொலைபேசியை வைத்தார். "நல்லா விளங்குது. நீங்க டீச்சரா போகலாம்." படத்தை அவரே மடித்துக் கொடுத்தார்.

போன உயிர் திரும்பி வந்தது. அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டு பையைத் தோளில் மாட்டினாள்.

அப்போதுதான் மூட்டத்துக்குள்ளிருந்து எஞ்சின் சத்தம் வந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

"ஆதம்பாவாட வள்ளம்," என்று கொட்டாவி விட்டான் சிப்பாய். அவனுக்கு அது தினமும் கேட்கிற சத்தம்.

அதிகாரி அவனைக் கையமர்த்திவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்டார். றம்ஸியாவுக்கு உறைத்தது. தன் வாயாலேயே வாப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

"தங்கச்சி, இது ஒண்டா, ரெண்டா?"

"ஒண்டுதான் சேர்."

அவர் அந்தப் பதிலைக் காதில் வாங்கவில்லை. சத்தம் ஏறும்போதெல்லாம் அவர் விரல் மேசையில் ஒரு தரம் தட்டியது. மறு கை தொலைபேசியை எடுத்தது.