பிரேக் அண்ணனின் கட்டைவிரல்

பிரேக் அண்ணன் இறந்து நாற்பத்தொரு நாள் ஆகியும், லிப்ட் மெக்கானிக்குகளான எங்கள் இணையக் குழுவில் அவருடைய கட்டைவிரல் விழுந்துகொண்டே இருந்தது. காலை ஏழு பத்துக்குத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் முந்தின நாள் பதிவுகள் அத்தனைக்கும் கீழே அவர் பெயரோடு ஒரு விரல் நிற்கும். குழுவை நடத்துகிற எனக்கே எப்படி என்று பிடிபடவில்லை.

தொடக்கத்தில் சிரிப்பு, பூ, இதயம் என்று எமோஜி வந்து குவிந்தபோது அண்ணன்தான் சலித்துக்கொண்டார். பிரேக் பிடிக்கலன்னு ஒருத்தன் கேக்குறான், பத்து பேர் பூ போடுறீங்க, லிப்டைப் பூவையா முட்டுக்கொடுத்து நிறுத்துவான் என்று கேட்டார். அதன்பின் கட்டைவிரலை மட்டும் விட்டுவைத்தோம். எங்களிடம் அதற்கு ‘நன்று’ என்று பொருள் கிடையாது. ‘இதை என் கையால் செய்து பார்த்திருக்கிறேன், நம்பிச் செய்யலாம்’ என்று பொருள். பிரேக் வேலையில் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. நானும் அவர் விரலைப் பார்த்துவிட்டுத்தான் பல மோட்டார்களைத் தொட்டிருக்கிறேன்.

இப்போது பழைய ஆட்கள் அந்த விரலைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருவர் மட்டும் தினமும் அதன் கீழே “வணக்கம் அண்ணே” என்று எழுதினார். அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன் என்றார். கணக்கை மூடியிருக்கலாம். மனசு வரவில்லை. ஆளில்லாத மோட்டார் அறையில் தனியாக நிற்கும்போது மட்டும் பின்கழுத்து சில்லிட்டது.

அப்புறம், குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர், பிரேக் சத்தம் போடுகிறது என்று கேட்டார். ஸ்பிரிங்கை மூன்று சுற்று தளர்த்து என்று யாரோ பதில் போட்டார்கள். லிப்டின் பிரேக் கார் பிரேக் மாதிரி இல்லை. கரண்ட் வந்தால் திறக்கும். போனால் ஸ்பிரிங் அழுத்தி மூடும். உள்ளே நிற்கிறவர்களைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஸ்பிரிங்தான். தளர்த்தினால் சத்தம் போகும், பிடியும் போகும். மறுநாள் ஏழு பன்னிரண்டுக்கு அந்தப் பதிலின் கீழே அண்ணனின் விரல். எட்டு மணிக்குப் புதியவர் எழுதினார், வேலையை ஆரம்பித்துவிட்டேன் என்று.

உடனே போன் போட்டேன். மோட்டார் அறையிலிருந்து பேசினார். ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம் என்றேன்.

“அண்ணனே விரல் வெச்சுட்டாரு. நடுவுல நீங்க யாருங்க?”

“அண்ணன் செத்து ஒன்றரை மாசம் ஆச்சு தம்பி.”

“அப்ப வெச்சது யாரு?”

ஒரு சுற்று தளர்த்தியிருந்தார். அதைத் திரும்ப இறுக்கச் சொல்லி, கரண்டை அணைத்துப் பூட்ட வைத்தேன். அந்தப் பகுதியிலிருந்த ஒரு மூத்த மெக்கானிக்கை அங்கே அனுப்பினேன். தவறான பதிலை நீக்கினேன்.

பிறகு உட்கார்ந்து அந்த விரல்கள் விழுந்த நேரங்களைக் குறித்தேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பத்துப் பன்னிரண்டு விநாடிதான். அண்ணன் ஒரு பதிவைப் படிக்கவே கால் மணி எடுப்பார். ஆக, வைக்கிறவர் படிப்பதில்லை. நான் அண்ணியிடம் கேட்டதும் போனைப் பற்றி மட்டும்தான்.

வீட்டுக்குப் போனேன். அண்ணி பட்டறை அறையைத் திறந்தார். பழைய கம்ப்யூட்டரில் எங்கள் குழு திறந்தே இருந்தது.

“படிக்காதது இத்தனைன்னு காட்டுற அந்தச் செவப்பு எண் மிச்சமிருந்தா அவர் வேலைக்குக் கிளம்பவே மாட்டாரு,” என்றார். “அப்படியே விட்டா அவர் இன்னும் இங்கயே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. அதான் தூசு தட்டும்போது தொறந்து தொறந்து விரலை அமுக்கிடுவேன். விரல்னா பார்த்தாச்சுன்னுதானே? எங்க அக்கா தங்கச்சி குரூப்ல அப்படித்தான்.”

எங்கள் விரலுக்கு என்ன பொருள் என்று சொன்னேன். மூன்று சுற்று விஷயத்தையும் மறைக்கவில்லை. அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இனிமே இந்த அறைக்கே வரமாட்டேன் என்றார். வாங்க அண்ணி, அந்தச் செவப்பு எண்ணைத் தீர்த்துட்டுப் போங்க, வழி பண்றேன் என்றேன்.

அன்று மாலையே பண்ணினேன். இனி வெறும் விரல் செல்லாது. விரல் வைப்பவர் எந்த வகை லிப்டில் செய்தார், என்ன அளவு பார்த்தார் என்று ஒரு வரி எழுதினால்தான் அது பதியும். படித்ததைச் சொல்ல, கண் என்று இன்னொரு எமோஜி சேர்த்தேன். அண்ணனின் கணக்கில் விரல் பொத்தானை எடுத்துவிட்டு, கண்ணை மட்டும் வைத்தேன்.