ஏறாவூரில் வாங்கின டெக்

மட்டக்களப்பு டவுன் கடையிலேயே எனக்கும் என் மனைவி மங்கைக்கும் சண்டை தொடங்கிவிட்டது. காட்சிக்கு வைத்திருந்த தட்டை டீவியையும் சிடி போடும் பெட்டியையும் சேர்த்துக் கழிவு விலையில் தருவதாகச் சொன்னார்கள். வந்தவர் போனவரெல்லாம் தடவிப் பார்த்தது, அவ்வளவுதான் குறை.

"ஒரு வீட்டுலயும் பாவிக்காத சாமான்கா. எடுப்பம்," என்றேன்.

"இதுல கசெட் போட ஏலுமா?"

ஏலாது. அவளுக்கு வேண்டியது ஏறாவூரில் அசனார் காக்கா திருத்தி விற்கும் பழைய டீவியும் வீடியோக் கசெட் போடும் டெக்கும். யாரோ பாவித்துக் கழித்ததைக் காசு கொடுத்து வாங்குவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கசெட்டைச் சிடியாக மாற்றித் தருகிறோம் என்றார்கள் கடைக்காரர்கள். அதற்கும் மங்கை மசியவில்லை. அவள் அதைக் கையை விட்டுக் கொடுக்கமாட்டாள்.

அது எங்கள் மகள் கம்சாயினி பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்தியவீட்டுக் கசெட். எங்கள் பக்கம் கொண்டாட்டம் முடிந்தால் கசெட் சொந்தக்காரர் வீடெல்லாம் சுற்றும். சுனாமி மகளையும் குருக்கள்மடத்து வீட்டையும் கொண்டுபோன அன்று, கசெட் வாவிக்கு அந்தப் பக்கம் மங்கையின் அக்கா சின்னத்தங்கம் வீட்டில் இருந்தது. பிறகு அங்கே சண்டை, இடம்பெயர்வு. யுத்தம் முடிந்த பிறகுதான் மச்சாள் அதை ட்ரங்குப்பெட்டியின் அடியில் கண்டெடுத்துக் கொண்டுவந்தாள்.

"புள்ளைட குரல் மறந்துபோகுதுங்க," என்பாள் மங்கை. எனக்கும் மறந்துகொண்டுதான் வந்தது.

ஏறாவூருக்குப் போனோம்.

"காக்கா, சத்தம் வடிவாக் கேக்குமா?"

"கேக்கும் தங்கச்சி. ஹெட் கழுவி, பெல்ட்டும் மாத்திரிக்கன். உங்கட ஊரே எழும்பும்."

வீட்டில் போட்டோம். கோடு கோடாக ஓடி, மகள் வந்தாள். தலை நிறையப் பூ. மாமிமார் ஆலாத்தி எடுக்க, கமராவைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தாள். மங்கை சத்தத்தைக் கூட்டினாள். சினிமாப் பாட்டுத்தான் கேட்டது. தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டு. வீடியோக்காரர் எல்லாரும் பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டுத்தான் கொடுப்பார்கள். எந்தெந்தப் பாட்டுப் போடுவது என்று அவர்களிடம் சொன்னவளே கம்சாயினிதான்.

"இல்லீங்க, இதுல கதைச்சவள். நான் கேட்டனே!"

கேட்டவள்தான், ஆனால் கசெட்டில் இல்லை. அந்த நாளில் கசெட் போடும்போதெல்லாம் மகள் எங்களுக்கு நடுவில் இருந்து, யார் வருகிறார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று முடியும்வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். பாட்டைக் கேட்க விடுடி என்று மங்கை ஏசுவாள்.

இப்போது மங்கைக்கும் அது பிடிபட்டுவிட்டது. அழவில்லை. சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, சின்னத்தங்கம் மச்சாள் வாறா..." என்று மகள் செய்வதுபோல நான் சொல்லத் தொடங்கினேன். என் குரல்தான் கேட்டது.