அடுத்தவன் சீட்டுக்கு ஊசி

செஞ்சியில் ஒரு பெயரை உரக்கக் கூப்பிட்டால், பெயருக்குரியவன் டீக்கடையில் இருந்தாலும் 'தோ, நான்தான்' என்று எழுந்து வர ஆள் உண்டு. ரேஷன் கடையில் பழகிய பழக்கம். அங்கே யார் முந்தினாலும் கைக்கு வருவது அதே அரிசிதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த பத்துப் படுக்கை ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பழக்கம் வந்து சேர்ந்திருந்தது.

போன மாதம் அப்படி முந்தி வந்த ஒரு அம்மாளுக்கு, வேறொருவருடைய சர்க்கரை ஊசியை நர்ஸ் அனந்தமதி போட்டுவிட்டாள். அரை மணியில் அந்த அம்மாளுக்கு வேர்த்துக் கொட்டிக் கண் செருகியது. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அவசரப்பட்டது அந்த அம்மாள்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஊசி பிடித்த கை யாருடையது என்று அனந்தமதிக்குத் தெரியும்.

மறுநாளே பெயரைக் கூப்பிடுவதை நிறுத்தினாள். டாக்டர் எழுதிய சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பெயர், ஊர், தகப்பன் பெயர் மூன்றையும் வந்தவரையே சொல்லச் சொன்னாள். அவள் அப்பா சந்திரநாதன் மல்லாட்டை வியாபாரி, ஊரெல்லாம் நிலக்கடலை வாங்கி விற்பவர். எதிராளி வாயைத் திறக்கும் முன் தன் விலையைச் சொன்னவன் தேறமாட்டான் என்பது அந்த வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

மேனேஜர் வெற்றிவேலுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னா சிஸ்டர், பத்து வருசமா வர்ற ஆளையே பேரு கேக்குறியாமே? எதிர் ஆஸ்பத்திரிக்குப் போறேன்றாங்க. நாளையிலருந்து பழையபடி பேரக் கூப்புடு."

"ஒரு பேச்சு வெச்சிக்கலாம் சார். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒருத்தராவது அடுத்தவங்க சீட்டுக்கு வந்து நின்னா என் முறை. இல்லன்னா உங்க முறை."

"மதியம் வரைக்கும்."

"ரெண்டு மணி."

"பன்னெண்டு. அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது."

"சரி" என்றாள். அவள் மனதில் வைத்திருந்ததும் பன்னிரண்டுதான்.

ஆனால் அன்றைக்கென்று எல்லோரும் யோக்கியர்களாக வந்தார்கள். "அப்பன் பேரெல்லாம் கேக்குறியே, சம்பந்தம் பேசப் போறியா?" என்று ஒருவர் கேலி செய்தார். ஆனாலும் சரியாகச் சொன்னார். மணி பதினொன்றே முக்கால். வெளியே கூட்டம் முணுமுணுத்தது. பொறுமை இழந்த வெற்றிவேல் அடுத்த சீட்டைத் தானே எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"தங்கராஜ்! யாருப்பா தங்கராஜ்?"

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் விருட்டென எழுந்து வந்து, வேட்டியைத் தளர்த்திக்கொண்டு திரும்பி நின்றார். "சீக்கிரம் குத்தும்மா, பஸ் போயிடும்."

அனந்தமதி ஊசியைத் தொடவில்லை. "பேரு இன்னாண்ணா?"

"அதான் சார் கூப்ட்டாரே, தங்கராஜ்."

"எந்த ஊரு?"

"வல்லம்."

கையிலிருந்த சீட்டைப் பார்த்த வெற்றிவேல் முகம் மாறியது. தளவானூர் என்று எழுதியிருந்தது.

"உங்க நைனா பேரு?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். தகப்பன் பெயரை அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. "இன்னாம்மா நீ, எல்லாம் ஒரே ஊசிதானே? என் பேரு முருகையன். தங்கராஜ் ஆளக் காணோம், வந்துட்டேன்."

"உங்க சீட்ட எடுங்க."

சட்டைப் பையிலிருந்து, இன்னும் மேசைக்கு வராத, நாலாக மடித்த சீட்டு வந்தது. கழனியில் கம்பி குத்தியதற்கு டி.டி. ஊசி. அதன் மேல் டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: பென்சிலின் ஆகாது.

ட்ரேயில் தங்கராஜுக்காக இருந்தது பென்சிலின். ஒத்துக்கொள்கிறதா என்று காலையில் தங்கராஜ் கையில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. முருகையன் உடம்புக்கு அந்தச் சோதனை எந்த வகையில் ஆகும்?

"போன தடவ பென்சிலின் போட்டப்ப இன்னா ஆச்சுண்ணா?"

"தொண்ட அடச்சி..." என்றவர் ட்ரேயைப் பார்த்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "பஸ் போனா போவுதும்மா. என்து எதுவோ அத போடு."

அவருக்கு டி.டி. போட்டுக்கொண்டே அனந்தமதி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பத்தைந்து. வெற்றிவேலும் பார்த்தார்.

"நான்தான் கூப்ட்டேன்" என்றார் மெதுவாக.

"போன மாசம் நான் கூப்ட்டேன் சார்."

அப்போது கைலியில் வாயைத் துடைத்தபடி ஒருவன் உள்ளே வந்தான். "டீ குடிக்கப் போனேன். என்னக் கூப்ட்டீங்களா சார்?"

வெற்றிவேல் சீட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"நீ யாருப்பா?"

"இன்னா சார், தெரியாதா? நேத்துகூட வந்தேனே!"

"தெரியும். பேரு, ஊரு, நைனா பேரு. நீயே சொல்லு."