சின்மயி புடிச்ச மீன்

மீன் மாட்றது நம்ம கைல இல்ல சார்னு முதல்லயே சொல்ட்டேன். ஃபோன்லயும் சொன்னேன், நேர்லயும் சொன்னேன். அந்தாளு காதுல வாங்கினா தானே! "எப்படியாவது ஒரு மீன் மாட்டணும் பிரிட்டோ. ஒண்ணே ஒண்ணு போதும்"னு அதையே புடிச்சிகினு நின்னாரு. எனுக்கு சுர்ருன்னு ஏறிச்சு. நான் இன்னா, ஏரிக்கு அடில உக்காந்துகினு ஒவ்வொரு மீனா முள்ளுல கோத்து வுடறவனா?

அவுரு பேரு ஸ்ரீரங்கன். பெருங்களத்தூர்ல புதுசா கட்ன அபார்ட்மென்ட்ல ஒண்டியா கீறாரு. அவுரு வூட்டு ஏசிக்கு நான் தான் சர்வீஸ். நம்ம பொழப்பு அது. ஞாயித்துக்கெழமைன்னா பூசைய முட்ச்சிட்டு தூண்டில தூக்கிகினு பீர்க்கன்கரணை ஏரிக்கு போய்டுவேன். அத்த வீடியோ புட்ச்சு போட்டேன், "எங்களையும் கூட்டிகினு போண்ணா"ன்னு நாலு பேரு வர ஆரம்பிச்சாங்க. அப்பன்காரன் புள்ளைய கூட்டிகினு வருவான். நான் தூண்டில் குடுத்து, மைதா மாவு உருட்டி குடுத்து, எந்த எடத்துல போடணும்னு காட்டுவேன். எவனோ ஒருத்தன் ஃபிஷிங் கைடுன்னு பேரு வெச்சான். கைடாம் கைடு! என் பொண்டாட்டி ஏஞ்சலு அத்த சொல்லியே ஓட்டுவா. "கைடு சார், கேஸ் தீந்து போச்சு, சிலிண்டர மாத்துங்கோ"ம்பா.

வர்ற அப்பனுங்கள்ல பாதி பேரு புள்ளைய என் தலைல கட்டிட்டு ஃபோன நோண்டிகினு நிப்பானுங்க. பாத்தாலே எனுக்கு பத்திகினு வரும். ஸ்ரீரங்கன் சாரு அந்த ரகம் இல்ல. ஏசிய கழட்டி வெச்சிருந்தப்போ என் ஃபோன்ல விரால் மீன் படத்த பாத்தாரு. "இது எங்க புடிச்சது?"ன்னாரு. சொன்னேன். சட்டுனு சோபால உக்காந்து அவுரு கதைய கொட்டிட்டாரு.

அவுருக்கும் அவுரு சம்சாரம் நித்யஸ்ரீக்கும் ஒத்து வரல. கோர்ட்ல கேஸ் நடந்துகினு கீது. சின்மயின்னு ஒரே பொண்ணு, நாலாங்கிளாஸ் படிக்குது. அது அம்மாகூட ஊரப்பாக்கத்துல கீது. அப்பனுக்கு ஞாயித்துக்கெழம மட்டும் தான் புள்ளைய பாக்க பெர்மிஷன். இப்போ அந்தம்மாவுக்கு புனேல வேலை கெடச்சிட்ச்சு, புள்ளையயும் இட்டுகினு போறேங்குது. அடுத்த வாரம் ஜட்ஜம்மா பாப்பாவ தனியா கூப்ட்டு வெச்சு கேப்பாங்களாம், யாராண்ட இருக்க இஷ்டம்னு. பாப்பா அம்மான்னு சொல்லிட்ச்சுன்னா கத முட்ஞ்சுது. அப்பால அப்பன் வீடியோ கால்ல தான் மூஞ்சிய பாக்கணும்.

"இந்த ஞாயிறுதான் கையில இருக்கு பிரிட்டோ. மாலுக்கு கூட்டிண்டு போய்ப் போய் அவளுக்கு சலிச்சுடுத்து. ஏதோ வீடியோல ஒரு பொண்ணு மீன் புடிக்கறத பாத்துட்டு, எனக்கும் அது வேணும்னு சொன்னா. அவளா வாயத் தொறந்து என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்"னாரு. கண்ணு கலங்கிட்ச்சு அவுருக்கு. பாவமா தான் இருந்துச்சு. நமக்கு பாவம் வந்தா கூடவே நக்கலும் வந்துரும், இன்னா பண்றது? "மாட்டலைன்னா இன்னா சார், கடைல ஒண்ணு வாங்கியாந்து முள்ளுல சொருகிட்டா போச்சு"ன்னு கலாய்ச்சேன். நான் சிரிச்சேன். அவுரு சிரிக்கல.

ஞாயித்துக்கெழம வந்தாங்க. அப்பன் கைல சாப்பாட்டு பை ஒண்ணு, இன்னொரு பெரிய வயர் பை ஒண்ணு. வயர் பைய கொண்டு போய் புதர் நெழல்ல வெச்சாரு. தண்ணி பாட்டில் போலன்னு நெனச்சிகினேன். புள்ள கண்ணாடி போட்டுகினு, தொப்பி மாட்டிகினு, முன் பல்லு ஒண்ணு விழுந்து, அப்டி ஒரு அழகு. வந்ததும் வராததுமா, "அங்கிள், மீனுக்கு வலிக்குமா?"ன்னு கேட்டுச்சு. வசமா மாட்னேன். அவுங்க வூட்ல முட்ட போட்ட கேக்கு கூட துன்ன மாட்டாங்க.

"கொஞ்சூண்டு வலிக்கும் பாப்பா. நமக்கு ஊசி போட்றாங்கல்ல, அந்த மாரி."

"புடிச்சுட்டு அத என்ன பண்ணுவேள்?"

கொழம்பு வெப்போம்னு வாய் வரைக்கும் வந்துட்ச்சு. அதுக்குள்ள அப்பன் பூந்துட்டாரு. "திருப்பி தண்ணியில விட்டுடுவோம் கண்ணா. அது நீந்தி அதோட அம்மாகிட்ட போயிடும்."

"உயிரோடயா?"

"உயிரோட. ப்ராமிஸ்."

"ப்ராமிஸ் வேணாம். நீ நெறய ப்ராமிஸ் பண்ணுவே. என் தலைல கை வெச்சு சத்தியம் பண்ணு."

அந்தாளு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. புள்ள தொப்பிய கழட்டிட்டு உச்சந்தலைல கைய வெச்சாரு. "இந்த ஏரில நீ புடிக்கற மீன உயிரோட திருப்பி விடுவேன். உன் மேல சத்தியம்"னாரு. எங்கூட்ல எவனாவது புள்ள தலைல அடிச்சு சத்தியம் பண்ணா ஏஞ்சலு தொடப்பத்த தூக்கிகினு வருவா. போயும் போயும் ஒரு மீனுக்கா இந்த சத்தியம்? நடுவுல பூந்து சொல்லவும் முடியல, கம்னு மாவ உருட்ட ஆரம்பிச்சேன்.

அன்னிக்கின்னு பாத்து ஏரி செத்த மாரி கெடந்துச்சு. வெயிலு மண்டைய பொளக்குது. தக்கை தண்ணி மேல அசங்காம நிக்குது. எடத்த மாத்தினேன், மாவுல வெல்லம் கலந்து பாத்தேன், ஒண்ணியும் வேலைக்கு ஆவல. சார் சட்ட தொப்பலா நனைஞ்சு போச்சு. தக்கையையும் புள்ள மூஞ்சியையும் மாத்தி மாத்தி பாத்துகினே கீறாரு. பாப்பா கொட்டாவி வுட்டுச்சு.

"அப்பா, ஆத்துக்குப் போலாமா? அம்மா பாஸ்தா பண்ணி வெச்சிருப்பா."

பளார்னு அறைஞ்ச மாரி ஆய்ட்ச்சு அவுரு மூஞ்சி. அப்பால என்னாண்ட திரும்பி, "அந்தக் கோடில நீர்க்காகம் எறக்கைய விரிச்சுண்டு உக்காந்திருக்கே, பாப்பாக்கு காட்டிட்டு வாயேன் பிரிட்டோ"ன்னாரு. சரி, புள்ளைக்கும் காலு மரத்து போயிருக்கும்னு இட்டுகினு போனேன்.

கரை மேல நடந்துகினே அது லொடலொடன்னு பேசுது. அப்பா தோசை வாத்தா இந்தியா மேப்பு மாரி வருமாம். ஸ்ரீலங்காவ தனியா சுட்டு பக்கத்துல வெப்பாராம். அத்த சொல்லி சொல்லி சிரிக்குது. இந்த புள்ளயாவது அப்பன வுட்டு போறதாவதுன்னு நெனச்சேன். மெய்யாலுமே நெனச்சேன். நீர்க்காகத்த பாத்து முடிக்கல, அதுக்குள்ள அங்கேர்ந்து ஒரு கத்து.

"சின்மயி! ஓடி வா! மாட்டிடுத்து, மாட்டிடுத்து!"

புள்ள விழுந்தடிச்சு ஓடுச்சு. தூண்டிலு வளைஞ்சு நிக்குது. அப்பன் அத்த புள்ள கைல குடுத்துட்டு பின்னால நின்னு புடிச்சிகினாரு. புள்ள பல்ல கடிச்சிகினு ரீல சுத்துது. மீன் ஒரு இழு இழுக்கணுமே? துள்ளணுமே? தொவைச்ச துணிய இழுத்த மாரி சாதுவா வந்துச்சு. கரைக்கு வந்ததும் பாத்தேன், கட்லா மீனு. இத்தினி வருஷமா இந்த ஏரில ஜிலேபி கெண்டையும் விராலும் தான் நான் புட்ச்சிருக்கேன். ஒரு கட்லாவ கண்ணால பாத்ததில்ல. புதராண்ட திரும்பினேன். வயர் பை சாஞ்சு கெடக்குது, உள்ளேர்ந்து பிளாஸ்டிக் கவரு எட்டி பாக்குது, சுத்தி தரையெல்லாம் ஈரம். முடிச்சூர் ரோட்ல டிரம்முல தண்ணி ரொப்பி உயிர் மீன் விப்பானுங்க. அங்க வாங்கிகினு வந்துகீறாரு மனுஷன்.

சார் என் கண்ண பாக்கல. அடப்பாவி மனுஷா! ஜோக்குன்னு கூடவாய்யா தெரியாது உனுக்கு? மூஞ்சிக்கு நேரா கேட்டுட்ருப்பேன். ஆனா அந்த புள்ள கைய தட்டிகினு குதிக்குது. "அப்பா, நானே புடிச்சேன்! நானே!"ன்னு அவுரு கழுத்த கட்டிகிச்சு. அவுரு கண்ண மூடிகினு புள்ளைய அப்டியே அமுக்கி புட்ச்சிகினாரு. அத்த பாத்திருந்தா நீயும் வாய மூடிகினு தான் நின்னிருப்ப.

ஃபோட்டோ எடுத்தேன். அப்பால முள்ள கழட்டி மீன புள்ள கைல குடுத்தேன். அது தண்ணியாண்ட குந்திகினு, "போ, ஒங்கம்மா தேடுவா"ன்னு சொல்லி மெதுவா வுட்டுச்சு.

மீன் சாஞ்சுது. வாய ஒரு தபா தொறந்துச்சு. மல்லாந்துட்ச்சு.

"ஏன்பா போமாட்டேங்கறது?"

சார் பேன்ட்டோட தண்ணில எறங்கிட்டாரு. ரெண்டு கையாலயும் மீன புட்ச்சு முன்னாலயும் பின்னாலயும் தள்றாரு, ஸ்டார்ட் ஆவாத ஸ்கூட்டர தள்ற மாரி. காலைலேர்ந்து கவர்ல கட்டி வெச்ச மீனு, எத்தினி நேரம் தாங்கும்? வுட்டாரு. மறுபடியும் மல்லாந்துகிச்சு. "தூங்கறது கண்ணா. களைச்சு போயிருக்கு"ன்னாரு. அந்த நேரத்துலயும் பொய்யா! எனுக்கு அவுர ரெண்டு சாத்து சாத்தலாம்னு வந்துச்சு.

பாப்பா நம்பல. எழுந்து நின்னுச்சு. மீனையே பாத்துச்சு. அப்பால ரெண்டு கையையும் தூக்கி தன்னோட தலைல வெச்சிகிச்சு. ஒடம்பு வெடவெடன்னு ஆட ஆரம்பிச்சுது.

"அங்கிள், நான் செத்துடுவேனா?"

"சீச்சீ, இன்னா பேச்சு பாப்பா இது?"

"ஸ்கூல் வேன்ல எல்லாருக்கும் தெரியும். தலைல கை வெச்சு சத்தியம் பண்ணிட்டு மீறினா, யார் தலையோ அவா செத்துடுவா. என் ஃப்ரெண்ட் அபிகாயில் சொன்னா." சொல்லும்போதே பல்லு அடிச்சிக்குது. "இன்னிக்கேவா அங்கிள்? அம்மாவ பாத்துட்டு செத்துக்கலாமா?"

கர்த்தரே! அந்த வார்த்தைய நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். குந்திகினு அது கைய புட்ச்சேன். "தப்பு என்னுது பாப்பா. பெரிய முள்ள போட்டுட்டேன், அதான் மீன் செத்து போச்சு. அப்பா மேல தப்பில்ல"ன்னேன்.

"ஆனா சத்தியம் அப்பாதானே பண்ணா?"

மூச்சு வாங்குது புள்ளைக்கு. ஒதடு நீலமா ஆவுது. சார் தண்ணில நின்னுகினு புள்ளையயும் என்னையும் பாத்தாரு. அவுரு மனசுல ஓட்றது எனுக்கு அப்டியே தெரிஞ்சுது. வாய தொறந்தா கோர்ட்ல எல்லாம் போச்சு. தொறக்கலைன்னா புள்ள இந்த பயத்தோட வூட்டுக்கு போவும்.

கரையேறி வந்து புள்ள முன்னால முட்டி போட்டாரு.

"சின்மயி, இங்க பாரு. நீ சாக மாட்டே. அந்த சத்தியம் செல்லாது."

"ஏன்?"

"ஏரில நீ புடிக்கற மீனுக்குத்தானே சத்தியம் பண்ணேன்? இது ஏரி மீனே இல்ல. நீ புடிக்கவும் இல்ல. வர வழில கடைல நான் வாங்கினேன். நீ அந்தப் பக்கம் போனப்ப முள்ளுல மாட்டி விட்டேன். மாட்டறச்சேயே அதுக்கு பாதி உயிர்தான் இருந்தது." வயர் பைய எடுத்தாந்து கவர காட்னாரு. "உன்ன ஏமாத்திட்டேன் கண்ணா."

பாப்பா கவர பாத்துச்சு, மீன பாத்துச்சு. கணக்கு போட்டு பாக்கற மாரி நின்னுச்சு. மெதுவா கை ரெண்டும் தலையவுட்டு எறங்கிச்சு. நடுக்கம் நின்னுச்சு. நான் மூச்சு வுட்டேன். சீக்கிரம் வுட்டுட்டேன் போல.

"அப்போ நான் மீனே புடிக்கலையா?"

"இல்ல கண்ணா."

"நீ எப்பவும் பொய் சொல்வேன்னு அம்மா சொன்னா. நான் நம்பல." அழல அது. மூக்க உறிஞ்சிகினு சொல்லுது. "எங்கப்பா பொய் சொல்ல மாட்டான்னு ஜட்ஜ் ஆன்ட்டிகிட்ட சொல்லணும்னு வெச்சிருந்தேன்பா. இப்போ நான் என்ன சொல்றது?"

நான் அந்தாண்ட திரும்பிகினேன். என்னால பாக்க முடியல.

"நடந்தத அப்படியே சொல்லு"ன்னாரு சாரு. "யாரும் உன்ன திட்ட மாட்டா."

கார் வரைக்கும் அப்பன் கைய அது புட்ச்சிக்கல. சாப்பாட்டு பைய தானே தூக்கிகினு முன்னால நடந்துச்சு. பின் சீட்ல ஏறி தானே பெல்ட் போட்டுகிச்சு.

கோர்ட்டு முட்ஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு ஃபோன் பண்ணாரு. பாப்பா எல்லாத்தையும் சொல்லிட்ச்சாம். கவரு, கட்லா, ஒண்ணு வுடல. அம்மாகூட புனேவுக்கு போய்ட்ச்சாம். "அந்த ஞாயிறு ராத்திரி பயமில்லாம நன்னா தூங்கினாளாம் பிரிட்டோ. நித்யஸ்ரீ மெசேஜ் போட்டிருந்தா. எனக்கு அது போதும்"னாரு.

இன்னா மனுஷன்யா இவுரு! யாராண்ட இந்த பொய்யி? எனுக்கு கோவமும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. "போதாது சார்"னேன்.

"ஆமா பிரிட்டோ, போதலை"ன்னு சொல்ட்டு, பெரிய மனுஷன், ஃபோன வெக்காமலே ஓன்னு அழுதாரு.